ஊருக்கே திறந்து காட்டின செக்யூரிட்டி கீ

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல டீ குடிச்சுட்டு இருந்தோம். என் சாவிக்கொத்துல தொங்கற யூஎஸ்பி செக்யூரிட்டி கீயைப் பாத்துட்டு சீனியர் ஒருத்தர் கேட்டார்.

"இது ஓபன் சோர்ஸாமே தம்பி? உள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே காட்டிட்டா, அப்புறம் என்ன செக்யூரிட்டி?"

"அண்ணே, அதுக்காகத்தான் இதை வாங்கினேன்"னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அவருக்கு ஒரு போன் வந்துடுச்சு, எழுந்து போயிட்டார்.

எனக்கு மனசு ஆறலை. ஏன்னா இந்தக் கேள்வி அடிக்கடி காதுல விழுது. இதே துறையில சம்பளம் வாங்கறவங்களே கேக்கறாங்க. அதனால முழுப் பதிலையும் இங்க எழுதிடறேன். நீளமாத்தான் வரும். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கங்க.

இந்தக் கீயைப் பாக்காதவங்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறிமுகம். (ஆடிட்டர் ஜிஎஸ்டி ஃபைல் பண்ணும்போது கம்ப்யூட்டர்ல ஒரு டிஎஸ்சி டோக்கன் சொருகுவாரே, அந்தக் குடும்பம்தான். கிளை வேற.) பாக்க பென் டிரைவ் மாதிரியே இருக்கும், ஆனா ஃபைல் எதுவும் வைக்க முடியாது. நீங்க ஒவ்வொரு வெப்சைட்ல பதிவு பண்ணும்போதும் அந்த சைட்டுக்குன்னு தனியா ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கும். பப்ளிக் சாவி சைட்டுக்குப் போயிடும். ரகசியச் சாவி கீயை விட்டு வெளிய வரவே வராது. அடுத்த தடவை லாகின் பண்ணும்போது சைட் ஒரு சவால் அனுப்பும், நீங்க கீயைத் தொட்டா அது கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும்.

இதுல முக்கியமான சங்கதி, எந்த டொமைன்ல இருக்கோம்னு பிரவுசரே கீகிட்ட சொல்லிடும். போலி பேங்க் சைட்ல நீங்க ஏமாந்து நின்னாலும் கீ ஏமாறாது. அந்த டொமைனுக்கான சாவி அதுகிட்ட இல்ல, அவ்வளவுதான். ஓடிபில இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆறு நம்பரை எந்தப் பெட்டியில வேணா டைப் பண்ணலாம், எவன் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லிடலாம்.

இது பேப்பர்ல மட்டும் நல்லா இருக்கற யோசனை இல்ல. கூகுள் 2017 தொடக்கத்துல இருந்து தன்னோட 85,000-க்கும் மேலான ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்குச்சு. அதுக்கப்புறம் ஆபீஸ் அக்கவுண்ட் ஒண்ணு கூட ஃபிஷிங்ல போகலைன்னு 2018 ஜூலைல சொன்னாங்க. 2022-ல கிளவுட்ஃப்ளேர் ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் வந்துச்சு. சில பேர் நிஜமாவே பாஸ்வேர்டை டைப் பண்ணிட்டாங்க. ஆனா உள்ள நுழையறதுக்கு ஹார்ட்வேர் கீ வேணும், அது திருடன் கையில இல்ல. அதே சமயத்துல அதே மாதிரி தாக்குதல்ல ட்விலியோ மாட்டிக்கிச்சு.

ஆக, மொத்த மாளிகையும் நிக்கறது ஒரே ஒரு வாக்குறுதி மேல: ரகசியச் சாவி வெளிய வராது.

அந்த வாக்குறுதியை யார் காப்பாத்தறாங்க? கீக்குள்ள இருக்கற சிப்பும், அதுல ஓடற ஃபர்ம்வேரும்.

சரி. இப்போ அந்த ரெண்டையும் நான் பாக்கலாமா கூடாதா? இதுதான் சண்டையே.

1883-லயே ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் இதுக்குப் பதில் எழுதி வச்சுட்டார். ராணுவ ரகசிய எழுத்தைப் பத்தின கட்டுரை அது. எந்திரம் எதிரி கையில சிக்கினாலும் பாதகம் வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமா இருந்தாப் போதும், அப்படித்தான் முறையை அமைக்கணும்னார். கிரிப்டோகிராஃபி படிச்ச அத்தனை பேரும் பரீட்சைல இதை எழுதி மார்க் வாங்கியிருப்பாங்க. கேன்டீனுக்கு வந்ததும் மறந்துடறாங்க!

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த அண்ணன் கேட்டதுல பாதி நியாயம் இருக்கு. ஓபன் சோர்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டாலே ஒரு கீ பத்திரமாயிடாது. சோலோன்னு ஒரு கீ இருக்கு. அதோட கதையைச் சொன்னா இது நல்லாப் புரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

முதல்ல யூ2எஃப் ஜீரோன்னு ஒண்ணு வந்துச்சு. கானர் பேட்ரிக்னு ஒரு இளைஞர் வடிவமைச்சது. ஒரு மலிவான இஎஃப்எம்8 மைக்ரோகண்ட்ரோலர், பக்கத்துல சாவியைப் பாதுகாக்க ஏடிஇசிசி508ஏ-ன்னு ஒரு குட்டி கிரிப்டோ சிப். போர்டு வரைபடத்துல இருந்து ஃபர்ம்வேர் வரைக்கும் எல்லாத்தையும் வெளியிட்டார். அதுக்கு அடுத்தபடியா 2018-ல அவரும் நண்பர்களும் சேர்ந்து சோலோவைக் கிக்ஸ்டார்ட்டர்ல கொண்டு வந்தாங்க. மேல சொன்ன லாகின் முறைக்கான எஃப்ஐடிஓ2 தரத்துல வேலை செய்யற ஓபன் சோர்ஸ் கீ.

சோலோல ரெண்டாவது சிப் கிடையாது. எஸ்டிஎம்32எல்432-ன்னு ஒரே ஒரு மைக்ரோகண்ட்ரோலர்தான். யூஎஸ்பி பேசறது, கணக்குப் போடறது, ரகசியத்தைக் காப்பாத்தறது எல்லாம் அதோட வேலை. கடையில சில்லறையா வாங்கக்கூடிய சாதாரண சிப். ட்ரோன்லயும் வாஷிங் மெஷின்லயும் இருக்கற வகையறா.

இந்த வகை சிப்ல ஃப்ளாஷ் மெமரியை வெளியாள் படிக்காம இருக்க ஆர்டிபின்னு ஒரு பூட்டு இருக்கு. மூணு நிலை. 0-ன்னா திறந்த வீடு. 1-ன்னா டீபக் பின் வழியா ஃப்ளாஷைப் படிக்க முடியாது, ஆனா எஸ்ரேம் எனப்படற தற்காலிக மெமரியை எட்டிப் பாக்கலாம். 2-ன்னா டீபக் வழியே மொத்தமா அடைஞ்சுடும், அதுக்கப்புறம் தயாரிச்சவரே நினைச்சாலும் திறக்க முடியாதுன்னு ஏட்டுல போட்டிருக்கு.

ஏட்டுல!

இந்த நிலையைச் சிப் எப்படி ஞாபகம் வச்சுக்குதுன்னு பாருங்க. ஒரே ஒரு பைட். அதுல ஹெக்ஸ்ல ஏஏ இருந்தா நிலை 0. சிசி இருந்தா நிலை 2. வேற எது இருந்தாலும் நிலை 1. அப்போ நிலை 2-ல பூட்டின சிப்ல அந்த பைட்டோட ஏதாவது ஒரு பிட் புரண்டாப் போதும், தானா நிலை 1-க்கு இறங்கிடும். 2017-ல ஜெர்மனில ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே குடும்பத்துச் சிப் ஒண்ணோட மேல்மூடியைக் கரைச்சு எடுத்துட்டு, உள்ள புற ஊதா வெளிச்சம் அடிச்சே அந்தப் பிட்டைப் புரட்டிக் காட்டினாங்க. படிச்சப்போ நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். வெளிச்சம் அடிச்சுப் பூட்டைத் திறக்கறதுன்னா சும்மாவா?

இன்னொரு வழி வோல்டேஜ் கிளிட்ச். சிப் விழிச்சு எழுந்து "நான் எந்த நிலையில பூட்டப்பட்டிருக்கேன்"னு பாக்கற அந்தக் கணத்துல கரண்டைத் துளி நேரம் அமுக்கி விடறது. வாசல்ல நிக்கற வாட்ச்மேன் சரியா அந்த நொடியில கொட்டாவி விட்ட மாதிரி, சோதனை நடக்காமலே சிப் அடுத்த வேலைக்குப் போயிடும். 2018 டிசம்பர்ல லைப்சிக்ல நடந்த கேயாஸ் மாநாட்டுல ட்ரெசர் ஒன் கிரிப்டோ வாலட்டை இப்படித்தான் உடைச்சுக் காட்டினாங்க. அதுலயும் எஸ்டிஎம்32 குடும்பம்தான். நிலை 2-ல இருந்து 1-க்கு இறக்கி, எஸ்ரேம்ல கிடந்த ரகசியத்தை அள்ளிட்டாங்க.

இப்போ சோலோவுக்கு வருவோம். சோலோவோட 4.0.0 ஃபர்ம்வேர்லயும், அதோட சின்னத் தம்பி சோமுலயும், அந்த வடிவமைப்பை வச்சுச் செஞ்ச நைட்ரோகீ எஃப்ஐடிஓ2-லயும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. ஃபர்ம்வேர் எழும்போது "நான் இன்னும் நிலை 2-லதானே இருக்கேன்?"னு அது உறுதிப்படுத்திக்கலை. வெளிய யாரோ பூட்டை ஒரு படி இறக்கிட்டாலும், அது பாட்டுக்கு ரகசியத்தை எடுத்து எஸ்ரேம்ல போட்டுட்டு வேலையைப் பாக்க ஆரம்பிச்சுடும். டீபக் பின்ல ஆள் காத்துட்டு இருப்பான்.

சிப்போட பலவீனம் சிப்புல இருக்கு, அதை மாத்த முடியாது. ஆனா ஃபர்ம்வேர்ல, எழுந்ததும் பூட்டோட நிலையைப் பாரு, சரியில்லைன்னா ரகசியத்தைத் தொடாதேன்னு சேத்துட்டா, திருடனோட வேலை எத்தனையோ மடங்கு கஷ்டமாயிடும். எதனாலன்னா அவன் இப்போ ரெண்டு இடத்துல, ரெண்டும் சரியான கணத்துல, கிளிட்ச் பண்ணியாகணும். ஹார்ட்வேர் பலவீனத்துக்கு ஃபர்ம்வேர் முட்டுக் கொடுக்கறதுன்னா இதுதான். இந்த மாதிரி இடத்தை சோர்ஸ்ல தேடிப் படிக்கறது எனக்கு ஒரு தனி சுகம். பக்கம் பக்கமா இருக்கற கணக்கை விட, அந்த ஒரு இஃப் வரிதான் வீட்டைக் காப்பாத்தும்.

இதை விட எனக்குப் பிடிச்சது இன்னொரு ஓட்டை.

2020 தொடக்கத்துல டோயன்செக்ங்கற கம்பெனி சோலோ ஃபர்ம்வேரை அலசி, முடிவை வெளியிட்டாங்க. சோலோவோட ஃபர்ம்வேரைப் பிசிலயே கம்பைல் பண்ணி ஓட்டலாம். கையில கீயே இருக்க வேண்டாம். அதனால கண்டபடி குப்பை உள்ளீட்டைக் கொட்டித் தள்ற ஃபஸ்ஸிங் வேலையைச் சாவகாசமாப் பண்ணலாம். (நானும் பண்ணிப் பாத்தேன். லேப்டாப் ஃபேன் ராத்திரி பூரா ஹெலிகாப்டர் மாதிரி கத்திச்சு. எனக்கு எந்த பக்கும் சிக்கலை. இருந்தாலும் ஒரு கீயோட மூளையை என் மேஜை மேலயே வச்சு நோண்ட முடிஞ்சதுல அவ்வளவு சந்தோஷம்.)

அவங்க பிடிச்ச பெரிய மீன் டவுன்கிரேட். பழைய ஃபர்ம்வேருக்குத் திருப்பி இறக்கற தாக்குதல்.

இது ஏன் ஆபத்து? யோசிச்சுப் பாருங்க. பதிப்பு மூணுல ஒரு ஓட்டை இருக்கு, நாலுல அடைச்சாச்சு. ஆனா மூணுலயும் கம்பெனியோட நிஜமான கையெழுத்து இருக்கே? கையெழுத்தை மட்டும் சரிபாக்கற கீ, மூணைக் கொடுத்தாலும் நல்ல பிள்ளையா ஏத்துக்கும். திருடன் புது ஓட்டையைத் தேட வேண்டிய அவசியமே இல்ல, பழசைத் திறந்துக்கிட்டாப் போதும். அதனாலதான் பதிப்பு எண்ணையும் பாத்து, இருக்கறதை விடப் பழசுன்னா மறுக்கணும்.

சோலோவும் பதிப்பு எண்ணைப் பாத்துச்சு. எங்க சறுக்குச்சு? ஃபர்ம்வேர் துண்டு துண்டா வந்து சேரும், ஒவ்வொரு துண்டும் எந்த முகவரில எழுதணும்னு சொல்லிக்கிட்டே வரும். துண்டுகள் வரிசையாத்தான் வரணும்னு பூட்லோடர் கட்டாயப்படுத்தலை. அந்த வரிசையைச் சாமர்த்தியமாக் குலைச்சு அனுப்பினா, பதிப்புச் சோதனை ஏமாந்துடும், கையெழுத்துச் சோதனையும் பாஸாயிடும், பழைய ஃபர்ம்வேர் உள்ள உக்காந்துடும். கிரிப்டோல ஒரு குறையும் கிடையாது. எல்லாக் கணக்கும் சரி. வரிசை மட்டும்தான் பிரச்சினை!

துண்டுகள் ஏறுவரிசைலதான் எழுதப்படணும்னு கட்டாயமாக்கி அடைச்சாங்க. நீங்களே அந்தத் திருத்தத்தைப் போய்ப் பாக்கலாம். அடைச்சுட்டோம்னு அவங்க சொல்றதை நம்ப வேண்டியதில்ல, அடைச்சிருக்காங்களான்னு பாத்துக்கலாம். இன்னும் ஒரு படி மேல போய், டாக்கர்ல அதே மாதிரி கம்பைல் பண்ணினா, வெளியிட்ட ஃபைலும் நீங்க கட்டின ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போகுதான்னு ஒப்பிடவும் வழி வச்சிருந்தாங்க. ஹாஷ் ரெண்டும் ஒண்ணா வந்தப்போ என் முகத்தைப் பாத்து வீட்டுல "என்ன, லாட்டரி அடிச்சுடுச்சா?"ன்னு கேட்டாங்க.

இதுக்குப் பக்கத்துல மூடின உலகத்தோட கதையையும் வச்சுப் பாக்கணும். இல்லன்னா நியாயமா இருக்காது.

2024 செப்டம்பர்ல நிஞ்சாலேப்னு ஒரு பிரெஞ்சு ஆய்வகம் யூக்லீக்னு ஒரு தாக்குதலை வெளியிட்டுச்சு. இன்ஃபினியன் சிப்போட கிரிப்டோ லைப்ரரில, கையெழுத்துப் போடும்போது வர்ற ஒரு தலைகீழ் கணக்கு (மாடுலர் இன்வர்ஷன்), உள்ள இருக்கற ரகசிய எண்ணைப் பொறுத்து வேற வேற நேரம் எடுத்துக்கிச்சு. சிப்புக்குப் பக்கத்துல மின்காந்த ஆன்டெனா வச்சு அந்த வித்தியாசத்தை அளந்து, ரகசியச் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துட்டாங்க. கீ கையில கிடைக்கணும், மேல்கூட்டைப் பிரிக்கணும், விலையுள்ள கருவி வேணும். அதனால நம்ம மாதிரி ஆளுங்க தூக்கம் கெட வேண்டியதில்ல. இந்தச் சிப்பை வச்சுச் செஞ்ச, சோர்ஸ் மூடின யூபிகீங்கற செக்யூரிட்டி கீயோட 5 வரிசைல 5.7-க்கு முந்தின ஃபர்ம்வேர் எல்லாம் இதுல மாட்டுச்சு.

என்னை உறுத்தறது வேற. அந்த லைப்ரரில இந்தக் குறை 14 வருஷமா இருந்திருக்கு. உலகத்திலேயே கடுமையானதுன்னு சொல்ற காமன் க்ரைட்டீரியா மதிப்பீடுகள் சுமார் 80 தடவை நடந்திருக்கு. யாரும் பிடிக்கலை. சோர்ஸைப் பாக்கவே முடியாதுங்கறதால, வெளியாளுக்கு அது ஒரு கருப்புப் பெட்டி. நிஞ்சாலேப்காரங்க கூட அதே லைப்ரரி ஓடற, தங்களால புரோகிராம் பண்ணக்கூடிய ஒரு ஜாவா கார்டைத் தேடிப் பிடிச்சு, அதுல பழகிட்டுத்தான் யூபிகீ பக்கம் வந்தாங்க.

அதோட, யூபிகீ ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியாது. அது அவங்க வேணும்னே எடுத்த முடிவு. கதவே இல்லன்னா கதவு வழியா யாரும் வர முடியாதுன்னு ஒரு வாதம். நல்ல வாதம்தான், நான் மதிக்கறேன். ஆனா ஓட்டை உள்ள கீயை வச்சிருக்கறவருக்குப் புதுசு வாங்கறதைத் தவிர வழி இல்ல. 2017-ல அதே இன்ஃபினியன் லைப்ரரியோட ஆர்எஸ்ஏ பகுதில ரோக்கான்னு ஒரு குறை வந்தப்போ, யூபிகீ தயாரிக்கற யூபிகோ கம்பெனி பாதிக்கப்பட்ட யூபிகீ 4-களை இலவசமா மாத்திக் கொடுத்துச்சு, அதைப் பாராட்டணும். எஸ்டோனியால அதே குறையால சுமார் ஏழரை லட்சம் தேசிய அடையாள அட்டைகள் சிக்கல்ல மாட்டுச்சு.

அப்போ ஓபன் சோர்ஸ் ஜெயிச்சுடுச்சா? அவசரப்படாதீங்க.

சோலோ 2-ன்னு அடுத்தது வந்துச்சு. 2021-ல கிக்ஸ்டார்ட்டர். முதல் சோலோல பட்ட அடி எல்லாம் இதுல பாடமா மாறியிருக்கு, படிச்சாலே தெரியும். சிப்பை என்எக்ஸ்பியோட எல்பிசி55எஸ்69-க்கு மாத்தினாங்க. அதுல ட்ரஸ்ட்ஜோன் இருக்கு, அதாவது ஒரே சிப்புக்குள்ள ரகசியப் பகுதி, சாதாரணப் பகுதின்னு சுவர் எழுப்பலாம். பஃப்னு ஒரு வசதியும் இருக்கு. ஒவ்வொரு சிப்போட எஸ்ரேமும் கரண்ட் வந்ததும் தனக்குன்னு ஒரு கோலத்துல எழும். தயாரிப்புல வர்ற நுண்ணிய வேறுபாடுதான் காரணம். அந்தக் கோலத்துல இருந்தே சிப் தன்னோட மூலச் சாவியைக் கட்டிக்கும், எங்கயும் எழுதி வைக்க வேண்டாம்.

ஃபர்ம்வேரை சி மொழில இருந்து ரஸ்ட்டுக்கு மாத்தி, ட்ரஸ்ட்னு ஒரு கட்டமைப்பைப் புதுசா எழுதினாங்க. (கம்ப்யூட்டர் மொழி ரஸ்ட்டும் இந்த ட்ரஸ்ட்டும் வேற வேற. பேரைச் சொல்லும்போதே நாக்கு சுளுக்கும்.) எஃப்ஐடிஓ வேலை ஒரு தனி ஆப், மத்தது வேற ஆப். எந்த ஆப்பும் ரகசியச் சாவியை நேரா தொடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுன்னு ட்ரஸ்ட் கிட்ட கேட்டு வாங்கிக்கும். மெமரி எல்லை மீறல் மாதிரி சி மொழியோட பரம்பரை வியாதிகளைக் கம்பைலரே தடுத்துடும்.

என்ன அழகான திட்டம்!

ஆனா சிப்போட அடித்தளத்துல பூட் ரோம்னு ஒரு பகுதி இருக்கு. தயாரிக்கும்போதே சிலிக்கான்ல பதிச்சது. அதோட சோர்ஸ் மூடினது. தங்களோட சர்வர்ல இதே சிப்பை நம்பிக்கையின் வேரா வைக்க நினைச்ச ஆக்சைடு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க அந்த ரோமை அலசினாங்க. 2021-ல ஒண்ணு சொன்னாங்க: ரோம்ல இருக்கற பிழையைத் திருத்தறதுக்குன்னு சிப்புக்குள்ள ஒரு பேட்ச் வசதி இருக்கு, ஆவணத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, அதைப் பயன்படுத்தி ட்ரஸ்ட்ஜோன் சுவரையே தாண்டிடலாம்னு. 2022-ல இன்னொண்ணு: ஃபர்ம்வேர் அப்டேட் ஃபைலோட தலைப்பைப் படிக்கற ரோம் கோட்ல பஃபர் ஓவர்ஃப்ளோ. கையெழுத்தைச் சரிபாக்கறதுக்கு முன்னாடியே!

அந்த பேட்ச் வசதி இருந்தும், ரோம்ல இருக்கற இந்தப் பிழையை விற்ற சிப்புல திருத்த முடியாது. புது சிலிக்கான் வந்தாத்தான் உண்டு.

மேல மாடில ரஸ்ட், கீழ அஸ்திவாரம் மூடின பெட்டி. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்: ஃபர்ம்வேர் மட்டும் திறந்திருந்தா அது பாதி ஓபன் சோர்ஸ்தான். போர்டு வரைபடம் திறந்திருந்தா முக்கால். சிப்போட வயிறு மூடியே இருக்கற வரைக்கும் மீதிக் காலை யாராவது வெளியாள் நோண்டித்தான் கண்டுபிடிக்கணும்.

நடுவுல நான் ஒரு கீயை நானே செஞ்சும் பாத்தேன். கூகுள் 2020 ஜனவரில ஓபன்எஸ்கேன்னு ஒரு ஃபர்ம்வேரை வெளியிட்டுச்சு. ரஸ்ட்ல எழுதினது, டாக்ங்கற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் மேல ஓடும், நார்டிக்கோட என்ஆர்எஃப்52840 டாங்கிள்ல ஏத்தலாம். டாங்கிளை ஆன்லைன்ல வாங்கினேன். ரஸ்ட்டோட சரியான நைட்லி பதிப்பு கிடைக்கற வரைக்கும் கம்பைல் ஆகவே மாட்டேன்னுச்சு. ஆனதும் டாங்கிள் பூட்லோடர் மோடுக்குப் போக மாட்டேன்னுச்சு (பக்கவாட்டுல இருக்கற பொடி பட்டனை உள்பக்கமாத் தள்ளணும், மேல இருந்து அமுக்கக் கூடாது). அதுவும் ஆனதும் லினக்ஸ்ல பிரவுசர் கீயைக் கண்டுக்கலை. யூடெவ் ரூல் ஒண்ணு எழுதினதும் பளிச்சுன்னு பச்சை விளக்கு மினுக்கிச்சு. கையால செஞ்ச கீயைத் தொட்டு ஒரு அக்கவுண்ட்ல நுழையும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதைச் செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குச் சாலிடரிங் எல்லாம் வேண்டாம், பொறுமை இருந்தாப் போதும். கண்டிப்பா செஞ்சு பாருங்க.

ஆனா அதை பேங்க் வேலைக்கோ மெயிலுக்கோ வச்சுக்காதீங்க. 2020 ஜூன்ல லிமிடெட்ரிசல்ட்ஸ்ங்கற பேர்ல எழுதற ஆராய்ச்சியாளர், இதே என்ஆர்எஃப்52 சிப்போட டீபக் பூட்டை வோல்டேஜ் கிளிட்ச்ல திறந்து காட்டிட்டார். ஓபன்எஸ்கேவை எழுதினவங்களே இது ஆராய்ச்சிக்கானதுன்னு தெளிவாச் சொல்லித்தான் வச்சிருக்காங்க. அந்த நேர்மைக்காகவே அந்தத் திட்டம் மேல எனக்கு மரியாதை. அதோட 2023-ல ஈடிஹெச் ஜூரிக்கோட சேர்ந்து, குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் தாங்கற டைலித்தியம் கையெழுத்தையும் இப்போ இருக்கற ஈசிடிஎஸ்ஏ கையெழுத்தையும் சேத்து இதே மாதிரி சின்னச் சிப்ல ஓட்டிக் காட்டினாங்க. மூடின கீ எதுலயும் வெளியாளுங்க இப்படி விளையாடிப் பாக்க முடியாது.

இப்போ என் கையில இருக்கறது நைட்ரோகீ 3. ட்ரஸ்ட் கட்டமைப்பு மேல கட்டின ரஸ்ட் ஃபர்ம்வேர், முழுக்கத் திறந்தது, கையெழுத்தோட வர்ற அப்டேட்டை ஏத்திக்கலாம். பக்கத்துலயே எஸ்இ050-ன்னு ஒரு செக்யூர் எலிமென்ட் சிப், காமன் க்ரைட்டீரியா ஈஏஎல்6+ சான்றோட. அது மூடினதுதான். கிளிட்ச், லேசர், மின்காந்த ஆன்டெனான்னு கருவிகளோட வர்றவனைத் தடுக்கறதுக்குன்னே செஞ்ச சிப். யூ2எஃப் ஜீரோல ரெண்டு சிப், சோலோல ஒண்ணு, மறுபடி ரெண்டு. சுத்தி அங்கயே வந்தாலும் கைல எடுத்துட்டு வந்தது நிறைய. மூடின சிப்பை மட்டும் நம்பாம, திறந்த ஃபர்ம்வேரை மட்டும் நம்பாம, ஒண்ணோட குறையை இன்னொண்ணு மறைக்கற மாதிரி ரெண்டையும் கோத்து வைக்கறதுதான் இன்னிக்குக் கிடைக்கற நல்ல வழின்னு நான் நம்பறேன்.

இதை விடத் துணிச்சலான வழி ஒண்ணு ஸ்வீடன்ல நடக்குது. டில்லிடிஸ்னு ஒரு கம்பெனி, முல்வாட் விபிஎன்காரங்க ஆரம்பிச்சது. அவங்க கீ பேர் டீகீ. மூடின சிப்போட வயிறுதானே பிரச்சினை? சிப்பையே நாமளே வரைஞ்சுக்கலாம்னுட்டாங்க. லேட்டிஸோட ஐஸ்40 எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமளே அமைச்சுக்கற சிப்) மேல, பைகோஆர்வி32-ன்னு ஒரு திறந்த ரிஸ்க்-வி ப்ராசஸரைப் போட்டிருக்காங்க. ப்ராசஸரோட லாஜிக்ல இருந்து எல்லாம் படிக்கக் கிடைக்கும்.

அதுல ரகசியச் சாவியைச் சேமிச்சு வைக்கறதே இல்ல! சொருகினதும் கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு சின்ன ஆப்பை உள்ள ஏத்தணும். கீக்குள்ள பதிஞ்ச தனி ரகசியம், அந்த ஆப்போட ஹாஷ், நீங்க கொடுக்கற பாஸ்ஃப்ரேஸ், இந்த மூணையும் பிளேக்2எஸ்ல போட்டுக் குழைச்சா வர்றதுதான் மூலச் சாவி. உருவினதும் மறைஞ்சுடும். யாராவது ஆப்ல ஒரு பைட்டை மாத்தி விஷமம் பண்ணினா, ஹாஷ் மாறும், சாவி மாறும், திருடனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாவிதான் கிடைக்கும். டவுன்கிரேட் பண்ணினாலும் அதே கதி. பதிப்பு எண்ணைச் சரிபாக்கற இஃப் வரிக்கே வேலையில்லாமப் போயிடுச்சு. சோலோவோட துண்டு வரிசைக் கதையைப் படிச்சுட்டு இதைப் படிச்சா உடம்பு சிலிர்க்கும்.

ஆனா விலை இல்லாம எதுவும் வராதே. ஆப்ல நிஜமாவே ஒரு பக் இருக்கு, அதைத் திருத்திப் புது ஆப் விடறாங்கன்னு வைங்க. ஹாஷ் மாறுது. உங்க சாவியும் மாறிடும். திருட்டு மாற்றமும் நல்ல மாற்றமும் அந்தக் கணக்குக்கு ஒண்ணுதான். எஸ்எஸ்ஹெச்சுக்கு நான் இதை வச்சுப் பாத்தேன். புது ஆப்புக்கு மாறும்போது, பழைய ஆப்போட எல்லா சர்வர்லயும் நுழைஞ்சு, புது பப்ளிக் சாவியைச் சேத்து, புதுசு வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் பழசை நீக்கணும். சர்வர் நாலஞ்சு இருந்தா பரவாயில்ல. நூத்துக்கணக்குல வச்சிருக்கறவங்க இதுக்குன்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சுக்கணும். இந்தத் தொல்லைக்கு நான் சம்மதிக்கறேன். என் சாவி ஏன் மாறுச்சுன்னு என்னால கடைசி பைட் வரைக்கும் சொல்ல முடியுது, அந்த ஒரு காரணம் போதும்.

வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும். எந்தக் கீயா இருந்தாலும் ரெண்டா வாங்குங்க. ரெண்டையும் ஒரே நாள்ல எல்லா அக்கவுண்ட்லயும் பதிவு பண்ணிடுங்க, ஒண்ணு சாவிக்கொத்துல, ஒண்ணு வீட்டு பீரோல. ஃபர்ம்வேர் புதுப்பிக்க முடிஞ்ச கீன்னா பீரோல இருக்கறதை மறந்துடாதீங்க, ஓட்டை அடைக்காத பழைய பதிப்போட அது வருஷக்கணக்கா அங்கயே கிடக்கும். கையில இருக்கறது தொலைஞ்சுதுன்னா, பீரோ கீயால உள்ள போய், தொலைஞ்சதை ஒவ்வொரு அக்கவுண்ட் லிஸ்ட்ல இருந்தும் அன்னிக்கே நீக்குங்க. இந்தப் பதிவுல சொன்ன கிளிட்ச், ஆன்டெனா தாக்குதல் எல்லாத்துக்கும் கீ திருடன் கையில இருக்கணும், கொஞ்ச நேரமும் வேணும். நீங்க நீக்கிட்டா, அவன் உள்ள இருந்து உருவி எடுக்கற சாவி எந்தக் கதவையும் திறக்காது.